பிக்கிள்பால் கேம் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்: மெதுவா அடிக்கிறவங்களையும் ஜெயிக்க விடுங்க

வணக்கம்ங்க,

பேடில்ங்கிற சின்ன மட்டையால ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாலை நெட்டுக்கு மேல அடிச்சு ஆடுற பிக்கிள்பாலை வீடியோ கேமா பண்றவங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். நான் வாங்கின கேம் எதுன்னு பேர் போடல (கீழ "உங்க கேம்"னு சொல்றது அதைத்தான்), ஏன்னா இது அந்த ஒரு டீமை மட்டும் நிக்க வெச்சு கேள்வி கேக்குற மடல் இல்ல, இந்த விளையாட்டை யாரு டிவிக்குள்ள கொண்டு வந்தாலும் அதே எடத்துலதான் சறுக்குவாங்கன்னு எனக்கு தோணுது, அதனால எல்லாரும் படிச்சா நல்லது. நான் சென்னையில அண்ணா நகர் பக்கம் சாயங்காலம் ஆடுற ஒரு கேங்ல இருக்கேன். ஆறு மணிக்கு லைட்டு போட்டதும் ஆரம்பிப்போம், காலேஜ் பசங்கள்ல இருந்து ரிட்டயர் ஆன அங்கிள் ஆன்ட்டி வரைக்கும் எல்லாரும் ஒரே கோர்ட்டுல மாத்தி மாத்தி ஆடுவோம். அந்த கோர்ட்டுல நடக்குறதுக்கும் உங்க கேம்ல நடக்குறதுக்கும் நடுவுல இருக்குற தூரத்தை பத்திதான் பேசப்போறேன்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன், நிஜமாவே நெறைய இருக்கு.

எங்ககிட்ட புதுசா வர்றவங்களுக்கு பெரிய தலைவலியே ஸ்கோர் சொல்றதுதான். டபுள்ஸ்ல சர்வ் போடுறதுக்கு முன்னாடி மூணு நம்பர் சொல்லணும், நம்ம பாயின்ட், அவங்க பாயின்ட், அப்புறம் சர்வ் போடுறவர் நம்ம டீம்ல ஒண்ணாவது ஆளா ரெண்டாவது ஆளான்னு. அதுலயும் ஆட்டம் தொடங்கும்போதே 0-0-2ன்னு தொடங்கும், முதல்ல சர்வ் எடுக்குற டீமுக்கு அந்த முதல் முறை மட்டும் ஒரே ஒரு ஆள்தான் சர்வ் போட முடியும்ங்கிறதால. இதை வாயால விளக்குனா யாருக்கும் மண்டையில ஏறாது. உங்க கேம்ல ஒவ்வொரு சர்வுக்கு முன்னாடியும் மூணு நம்பரையும் குரல்ல சொல்லி, எந்த நம்பர் மாறுச்சோ அதை மட்டும் ஸ்கிரீன்ல பெருசா காட்டுறீங்க பாருங்க, அது அருமையான வேலை. எங்க அம்மா ஐப்பசி மழையில கோர்ட்டு மூடிக் கிடந்தப்போ சோபாவுல உக்காந்து ஆடி ஆடியே இதை கத்துக்கிட்டாங்க, மழை விட்டு கோர்ட்டுக்கு வந்த அன்னிக்கு பக்கத்து பிளாட்டு மாமிக்கு "இல்ல மாமி, சர்வ் போடுறவங்களுக்குத்தான் பாயின்ட், அவங்க சர்வ்ல நீங்க ராலி ஜெயிச்சா அந்த ஆளோட சர்வ்தான் போகும்"னு கிளாஸ் எடுக்குறாங்க. பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்த எனக்கு உங்க டீமுக்கு மனசார நன்றி சொல்லணும்னு இருந்துச்சு, இப்ப சொல்லிட்டேன். ராலி ஸ்கோரிங்கையும், அதாவது யார் சர்வ் போட்டாலும் ராலி ஜெயிச்சவங்களுக்கு பாயின்ட்ங்கிறதையும், ஒரு ஆப்ஷனா வெச்சிருக்கீங்க, அமெரிக்காவுல மேஜர் லீக் பிக்கிள்பால்ல அப்படி ஆடியிருக்காங்க, அதுவும் நல்லது.

சத்தம். அந்த ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பால் பேடில்ல படுற "டொக்" சத்தத்தை அச்சு அசலா புடிச்சிருக்கீங்க, இன்டோர் ஹால்ல ஆடும்போது எதிரொலிக்குறதும் அவுட்டோர்ல காய்ஞ்சு கேக்குறதும் கூட வேற வேறயா இருக்கு. இதெல்லாம் யாராவது உக்காந்து நிஜ கோர்ட்டுல ரெக்கார்டு பண்ணாம வராது. அப்புறம் நாலு கன்ட்ரோலர் போட்டு ஒரே டிவியில நாலு பேர் ஆடலாம்ங்கிறது, இந்த காலத்துல எல்லாரும் ஆன்லைன் ஆன்லைன்னு ஓடும்போது இதை விடாம வெச்சிருக்கீங்களே, ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாடு முடிச்சு வெயில்ல வெளிய போக முடியாம வீட்ல அடைஞ்சு கெடக்குற ஒரு குடும்பத்துக்கு இதோட அருமை தெரியும்.

சரி, இப்ப மனசுல இருக்குறதுக்கு வரேன்.

உங்க கேம்ல கிச்சன் கோடு இருக்கு, கிச்சன் விளையாட்டு இல்ல. நெட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற 7 அடிதான் கிச்சன், அதுக்குள்ள நின்னு பாலை பிட்ச் ஆகாம அடிக்கக் கூடாது, இதை கரெக்டா வெச்சிருக்கீங்க. ஆனா அந்த கோடு எதுக்கு இருக்குன்னு உங்க கேமுக்கு தெரியல. 1965ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல பெய்ன்பிரிட்ஜ் தீவுல ஜோயல் பிரிட்சார்டும் பில் பெல்லும் பார்னி மெக்கலமும் இந்த விளையாட்டை உருவாக்குனப்போ அது ஒரு வீட்டு விளையாட்டு, போரடிச்சுக் கெடந்த குடும்பம் மொத்தமும் சேர்ந்து ஆடணும்ங்கிறதுதான் நோக்கம். பழைய ஷட்டில் கோர்ட்டுலதான் தொடங்குனாங்க, அதான் இன்னிக்கும் அளவு டபுள்ஸ் ஷட்டில் கோர்ட்டு அளவே, 20க்கு 44 அடி. எங்க கோர்ட்டும் முன்னாடி ஷட்டில் கோர்ட்டா இருந்ததுதான், கோட்டை மாத்தி நெட்டை நடுவுல 34 இன்ச்சுக்கு எறக்கி கட்டுனோம், வேலை முடிஞ்சுது. உயரமா பலமா இருக்குற ஒருத்தர் நெட்டுகிட்ட வந்து நின்னு எல்லாத்தையும் கீழ அறைஞ்சுடக் கூடாதுன்னு தடுக்குறது அந்த 7 அடிதான். அதனாலதான் எங்க கோர்ட்டுல முட்டிக்கு பெல்ட் போட்டுட்டு வர்ற 65 வயசு அங்கிள் ஒருத்தர் இருபது வயசு பையனை வேர்க்க விட்டு ஜெயிக்கிறார். ஓடவே மாட்டார். பாலை அந்த 7 அடிக்குள்ள விழற மாதிரி போட்டுட்டே இருப்பார், பையன் பொறுமை போய் ஒண்ணு தூக்கி அடிப்பான், அவ்வளவுதான்.

அந்த அங்கிள் மாதிரி ஒரு ஆள் உங்க கேம்ல ஜெயிக்க வழியே இல்ல.

மூணாவது அடியை எடுத்துக்குவோம், ஏன்னா இந்த விளையாட்டோட உயிரே அங்கதான். சர்வ் போட்டாச்சு. எதிர் டீம் ஒரு பிட்ச் விட்டுத்தான் திருப்பணும், அது திரும்பி வந்தா நாமளும் ஒரு பிட்ச் விட்டுத்தான் அடிக்கணும். அதனால சர்வ் போட்ட ரெண்டு பேரும் பின்கோட்டுலயே மாட்டிக்கிட்டு நிப்போம், ரிட்டர்ன் பண்ணவங்க அதுக்குள்ள சாவகாசமா நடந்து வந்து கிச்சன் கோட்டுல காலை ஊனி நின்னுடுவாங்க. இப்ப நம்ம அடி. ஓங்கி அடிச்சா அவங்க பேடிலை சும்மா காட்டுனாலே போதும், நம்ம காலடியில திரும்பி வந்து விழும். அதனால பாலை தூக்கி, நெட்டை தாண்டுனதும் செத்து விழற மாதிரி, அவங்க கிச்சனுக்குள்ள போடணும். அப்ப அவங்க குனிஞ்சு கீழ இருந்து மேல தான் அடிக்க முடியும், அந்த கேப்புல நாம முன்னாடி போயிடலாம். இதுதான் தேர்டு ஷாட் டிராப். எங்க கேங்ல எல்லாரும் அதிகமா பிராக்டிஸ் பண்றது இதைத்தான், வராம அதிகமா புலம்புறதும் இதுக்குத்தான்.

உங்க கேம்ல இதுக்கு தனி பட்டனே குடுத்திருக்கீங்க, டுடோரியல்லயும் அழகா சொல்லிக் குடுக்குறீங்க. ஆனா மேட்ச்ல அந்த பட்டனை யாரும் தொட வேண்டிய அவசியமே வரல. பின்கோட்டுல நின்னு டிரைவ் (தட்டையா ஓங்கி அடிக்கிறது) பட்டனை அழுத்தி புடிச்சு விட்டா பாதிக்கு மேல நேரா பாயின்ட், மிச்சத்துக்கு எதிர்ல நிக்கிற கம்ப்யூட்டர் ஆளு பாலை தூக்கிக் குடுப்பாரு, ஓடிப்போய் ஸ்மாஷ். ஹார்டு லெவல் போட்டா மாறும்னு நெனச்சேன். ஹார்டுல கம்ப்யூட்டர் இன்னும் வேகமா ஓடுது, இன்னும் பலமா அடிக்குது, அவ்வளவுதான். நிஜத்துல ஒருத்தர் பெரிய ஆட்டக்காரர்னா அவர் காத்திருக்கத் தெரிஞ்சவர், நெட்டை விட ஒசரத்துல பால் வர்ற வரைக்கும் கையை ஓங்க மாட்டார். உங்க கம்ப்யூட்டருக்கு அந்த காத்திருக்கிற குணம் எந்த லெவல்லயும் வரல.

காரணம் என்னன்னு உத்து பாத்தேன். ரீப்ளேவை ஸ்லோ மோஷன்ல ஓட்டி பாருங்க, உங்க பிளேயர் பாலை கணுக்கால்கிட்ட, தரையை ஒட்டி எடுக்குறார், ஆனா டிரைவ் பட்டன் அழுத்துனதால பால் நெட்டுக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல தட்டையா சீறிட்டு போய் எதிர் கோர்ட்டுல உள்ளயே விழுது. கணுக்கால்கிட்ட இருந்து 34 இன்ச் நெட்டை தாண்டணும்னா பால் மேல ஏறித்தான் ஆகணும், கிச்சன் கோட்டுல நின்னுக்கிட்டு அவ்வளவு வேகமா ஏத்துனா ஒண்ணு அவுட்டு, இல்ல எதிராளி நெஞ்சு ஒசரத்துக்கு லட்டு மாதிரி போய் நிக்கும். பாலை எந்த ஒசரத்துல எடுக்குறோம்ங்கிறது உங்க கணக்குலயே இல்ல, எந்த பட்டனை எந்த நேரத்துல அழுத்துறோம்ங்கிறது மட்டும்தான் இருக்கு. இந்த ஒண்ணை சரி பண்ணீங்கன்னா மிச்ச பாதி தானா சரியாயிடும்னு நான் உறுதியா நம்புறேன், ஏன்னா ஒசரத்துக்கு மதிப்பு வந்துட்டா பாலை தாழ்வா போடுறதுக்கும் மதிப்பு வந்துடும், டிங்க் பண்றதுக்கு, அதாவது கிச்சனுக்குள்ள மெதுவா தட்டி போடுறதுக்கு, காரணம் வந்துடும், பொறுமைக்கு பாயின்ட் கெடைக்கும். கேரம்ல ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடிக்கிறவன் எல்லாம் காயின் போட்டுட மாட்டான்ல, அந்த நியாயம் இங்கயும் வேணும்.

இதை ஏன் இவ்வளவு தூரம் புடிச்சு தொங்குறேன்னு கேட்டா, கேம்ல கத்துக்கிட்டு நேரா கோர்ட்டுக்கு வர்ற பசங்களை நான் பாக்குறேன். என் அக்கா பையன் அப்படித்தான் வந்தான். ரூல் எல்லாம் தெரிஞ்சுது, ஸ்கோர் தெரிஞ்சுது, அதுக்கெல்லாம் உங்களுக்கு மார்க். ஆனா வந்த பால் எல்லாத்தையும் எதிர்ல நிக்கிறவங்க உடம்பை பாத்து அறையுறான், எதிர்ல நிக்கிறது கண்ணாடி போட்ட ஆன்ட்டி. கண்ணுகிட்ட போச்சுன்னா என்ன ஆகும்? கிச்சன் கோட்டுல எதிரெதிரா நின்னா நடுவுல 14 அடிதான், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல பால் வந்தா கால் செகண்டுல மூஞ்சிகிட்ட இருக்கும். அவனை யாரும் திட்டல, அவனுக்கு அந்த கேம் சொல்லிக் குடுத்த பிக்கிள்பால் அதுதான். இப்போ மெதுவா மாறிட்டு வரான், அங்கிள்தான் தெனமும் பத்து நிமிஷம் கிச்சன்ல நிக்க வெச்சு டிங்க் போட வைக்கிறார். அந்த பத்து நிமிஷத்தை உங்க கேமே செஞ்சிருக்கலாம்.

கிச்சன்லயே இன்னொண்ணு. வாலி (பிட்ச் ஆகாம அடிக்கிறது) அடிச்ச வேகத்துல உடம்பு முன்னாடி சாய்ஞ்சு கால் கோட்டுக்குள்ள போயிட்டா அது ஃபால்ட், அதுக்கு முன்னாடியே அந்த ராலி முடிஞ்சு போயிருந்தாலும் ஃபால்ட்தான், தலையில இருந்து தொப்பி உள்ள விழுந்தா கூட ஃபால்ட். கோர்ட்டுல அதிகமா சண்டையும் சிரிப்பும் வர்றதே இதுலதான், நல்ல ஸ்மாஷ் அடிச்சுட்டு ஒத்தக் கால்ல நின்னு கையை காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டு உள்ள விழாம தப்பிக்கிற அந்த ஒரு நொடி இருக்கே. உங்க கேம்ல கோட்டுகிட்ட கண்ணுக்குத் தெரியாத சுவர் வெச்சு பிளேயரை தானா நிறுத்திடறீங்க. புதுசா ஆடுறவங்களுக்கு அது உதவிதான், ஒத்துக்கிறேன். ஆனா மேல் லெவல்லயாவது அந்த சுவரை எடுத்துடுங்க. ஏர்ன் ஷாட்டு, அதாவது கோட்டை ஒட்டி வெளிப்பக்கமா குதிச்சு கிச்சனுக்கு வெளியில கால் வெச்சு நெட்டுகிட்டயே வாலி அடிக்கிறது, அதோட துணிச்சலே உள்ள மிதிச்சுடுவோமோங்கிற பயத்துலதான் இருக்கு. இப்போ அது ஒரு அனிமேஷன், பட்டன் அழுத்துனா வருது.

பார்ட்னர் விஷயம். நடுவுல வர்ற பாலுக்கு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு நிக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல "விடு விடு", "நான் நான்"னு கத்திக்கிட்டே ஆடுவோம், பொதுவா யாருக்கு ஃபோர்ஹேண்டு நடுவுல இருக்கோ அவர் எடுப்பார். ஒருத்தர் ஓரத்துக்கு இழுக்கப்பட்டா இன்னொருத்தர் நடுவை மூட நகரணும். உங்க கம்ப்யூட்டர் பார்ட்னர் தன் பாதி கோர்ட்டை விட்டு நகர்றதே இல்ல, நடுவுல போற பாலை பாத்துட்டு நிக்கிறார். சிங்கிளா உக்காந்து ஆடுறவங்களுக்கு இது ரொம்ப எரிச்சல். ஸ்டாக்கிங்கும், அதாவது பார்ட்னருங்க ரெண்டு பேரும் தங்களுக்கு வசதியான பக்கத்துலயே நிக்கிற மாதிரி எடம் மாத்திக்கிறதும், இல்ல. ஒரு பட்டனை நடு பாலை "எனக்கு"ன்னு சொல்றதுக்கு ஒதுக்குனா கூட போதும்.

கேமரா ரொம்ப பின்னாடி, ரொம்ப மேல. டென்னிஸ் கேம்ல இருந்து அப்படியே எடுத்து வெச்ச மாதிரி இருக்கு. நாலு பேரும் கிச்சன்ல நின்னு சின்ன சின்னதா ஆடும்போது பால் கோட்டுக்கு உள்ளயா வெளியயா, நெட்டை விட மேலயா கீழயான்னு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. அந்த நேரத்துல மட்டும் கேமரா கொஞ்சம் எறங்கி கிட்ட வந்தா நல்லா இருக்கும்.

கடற்கரை கோர்ட்டு ஒண்ணு வெச்சிருக்கீங்க, பாக்க அவ்வளவு அழகு, தென்னை மரம் எல்லாம் ஆடுது. பால் ஆடல! எங்க ஊரு கடற்கரை ரோடு ஈசிஆர் பக்கம் மத்தியானம் கடல் காத்து வந்ததுக்கு அப்புறம் ஒரு லாப் (ஒசரமா தூக்கி அடிக்கிறது) போட்டு பாத்தவங்களுக்கு தெரியும், 25 கிராம் வாக்குல இருக்குற ஓட்டை பால், காத்து எங்க சொல்லுதோ அங்கதான் போகும், கடல் பக்கம் பாத்து அடிக்கிற டீமுக்கு ஒரு ஆட்டம், கடலுக்கு முதுகு காட்டி நிக்கிற டீமுக்கு வேற ஆட்டம். பாலையும் பாருங்க, அவுட்டோர் பாலுக்கு பொதுவா 40 சின்ன ஓட்டை, இன்டோர் பாலுக்கு 26 பெரிய ஓட்டை, ரெண்டும் பறக்குறதும் பிட்ச் ஆகுறதும் வேற வேற. சத்தத்துல அவ்வளவு கவனம் வெச்ச நீங்க இதை விட்டது எனக்கு ஆதங்கமா இருக்கு.

ஆன்லைன் பத்தி சுருக்கமா. எங்க ஊர்ல இருந்து ஆடும்போது சர்வர் எங்கயோ தூரத்துல இருக்கு போல, பின்கோட்டு ஆட்டத்துல தெரியாது, ஆனா முன்ன சொன்ன அந்த 14 அடி கால் செகண்டு சண்டையில பத்துல ஒரு பங்கு செகண்டு இன்டர்நெட்டுலயே போயிட்டா அங்க ரிஃப்ளெக்ஸுக்கு வேலையே இல்ல. இந்தியாவுல ஆடுறவங்க குறைவுன்னு நெனச்சு விட்டிருந்தா அதை மறுபடியும் யோசிங்க. 2008லயே மும்பையில அகில இந்திய சங்கம் வந்துடுச்சு, 2025ல மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்தியன் பிக்கிள்பால் அசோசியேஷனை தேசிய சம்மேளனமா அங்கீகரிச்சாச்சு, அதே வருஷம் மும்பையில நடந்த வேர்ல்டு பிக்கிள்பால் லீக்ல சமந்தா ஓனரா சென்னைக்கே ஒரு டீம் ஆடுச்சு. இங்க ஷட்டில் ஹால்ல, அப்பார்ட்மென்ட் கார் பார்க்கிங் பக்கத்துல, மொட்டை மாடி டர்ஃப்ல எல்லாம் கோடு போட்டுட்டு இருக்காங்க.

விஆர்ல (கண்ணுல ஹெட்செட் மாட்டி ஆடுறது) பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை, டென்னிஸை விட பிக்கிள்பால்தான் விஆருக்கு பொருத்தம், ரெண்டடி எடுத்து வெச்சா போதும், நம்ம ஊரு ஹால் சைசுக்கு அதுதான் முடியும் (ஃபேனை மட்டும் பாத்துக்கணும்). ஃபிரெண்டு வீட்ல ஆடி பாத்தப்போ டிங்க்கு கை எவ்வளவு மெதுவா போகணுமோ அதை ஓரளவு நல்லாவே புடிச்சிருந்தாங்க, பட்டன் கேம் பண்றவங்க அதை பாத்து கத்துக்கலாம்.

கேரியர் மோடுல பேடில் வாங்க வாங்க "பவர்" ஏறுது, "ஸ்பீடு" ஏறுது. "டச்"ன்னு ஒரு பட்டையும் இருக்கு, அதை முழுசா ஏத்தி பாத்தேன், எந்த வித்தியாசமும் தெரியல. அந்த பட்டைக்கு உயிர் குடுங்க. ஒரு கேரக்டர் வைங்க, வயசானவரா, ஸ்பீடு கம்மியா, பவர் கம்மியா, டச் முழுசா. அவரை வெச்சு டோர்னமென்ட் ஜெயிக்க முடியணும்.

எல்லாத்தையும் ஒரே அப்டேட்டுல கேக்கல. கடல் காத்து, ஸ்டாக்கிங், புது கோர்ட்டு எல்லாம் மெல்ல வரட்டும். பாலை எடுக்குற ஒசரத்தை வெச்சு அடியோட முடிவை தீர்மானிக்கிற அந்த ஒரு மாத்தத்தை முதல்ல பண்ணுங்க, அடுத்தது கம்ப்யூட்டருக்கு காத்திருக்க சொல்லிக் குடுங்க. டெஸ்ட் பண்ண ஆள் வேணும்னா எங்க கேங்குல பதினெட்டு வயசுல இருந்து எழுபது வரைக்கும் ஆள் இருக்கு, காசெல்லாம் வேணாம், பீட்டா வெர்ஷனை அனுப்புங்க, எது சரியில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவோம், எங்க அம்மா எல்லாருக்கும் முன்னாடி சொல்லுவாங்க.

இப்படிக்கு,
அண்ணா நகர் சாயங்கால கோர்ட்டுல இருந்து ஒரு ஆட்டக்காரி